பழைய விளையாட்டைப் புதுக்கி விற்றோர்

இளைஞர்களே! பழைய நாடகத்தைப் புது மேடைக்கேற்ப அமைத்து நடிப்போரை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே பழைய வீடியோ விளையாட்டைப் புதுக்கி விற்கும் தொழில் ஒன்றும் தோன்றி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெருநிறுவனத்தைச் சாராத சிறு கூட்டத்தார் இத்தொழிலை எங்ஙனம் நடத்தினர்? பிறர் படைத்த பொருளை மாற்றி விற்கும் உரிமை அவர்களுக்கு எவ்வாறு வாய்த்தது? இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் சிலர், தம் வளாகத்தில் விளையாட்டுப் பொறிகளை வைத்துக் காசு ஈட்டி வந்தனர். அவற்றுள் ஒன்று, அட்டாரி நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 'மிசைல் கமாண்ட்'. நகரங்களின்மேல் விழும் ஏவுகணைகளைத் தடுத்து வீழ்த்துவதே அவ்விளையாட்டு. தொடக்கத்தில் காசு குவிந்தது. நாளடைவில் ஆடுவோர் கைதேர்ந்துவிட்டனர். ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு நெடுநேரம் ஆடலாயினர். வருவாய் தேய்ந்தது.

புதிய பொறி வாங்குவதற்கோ ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். ஆகவே டக் மக்ரே, கெவின் கரன் ஆகிய இருவரும் தோழர்களோடு கூடி, பழைய பொறிக்குள் பொருத்தத்தக்க மின்சுற்றுப் பலகை ஒன்றை 1981-இல் ஆக்கினர். அதைப் பொருத்தினால் ஆட்டம் விரைவும் கடுமையும் பெற்றுப் புதியதாகிவிடும். 'சூப்பர் மிசைல் அட்டாக்' என்று பெயரிட்டு, 295 டாலர் விலை வைத்தனர். அவர்கள் விளம்பரம் செய்த இடத்தைக் கவனியுங்கள். ஆடும் சிறுவர் படிக்கும் ஏடுகளில் அன்று. பொறி வைத்திருக்கும் வணிகர் படிக்கும் தொழில் ஏடுகளில்! வருவாய் குறைந்ததே என்று வருந்தியவர் அவ்வணிகரேயன்றோ?

பாடநூலுக்குக் குறிப்புரை எழுதி விற்போரை நான் நெடுங்காலம் ஐயத்துடன் நோக்கி வந்தவன். ஆயினும் மூலநூல் இல்லாதவனுக்குக் குறிப்புரையால் பயன் இல்லை. இப்பலகையும் அத்தகையதே. அட்டாரியின் பொறியை விலை கொடுத்து வாங்கியவனுக்கே அது பயன்படும்.

அட்டாரி அவ்வாறு எண்ணவில்லை. ஒன்றரைக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டே வழக்கு இணக்கத்தில் முடிந்தது. மூல நிறுவனத்தின் இசைவின்றி இனி இத்தகைய பலகைகளைச் செய்வதில்லை என்று இளைஞர் ஒப்புக்கொண்டனர். அட்டாரியோ தனக்கே விளையாட்டுகள் ஆக்கித் தருமாறு அவர்களை அமர்த்திக்கொண்டது. வழக்காடியவரையே வேலைக்கு வைத்துக்கொண்ட அந்த நிறுவனத்தின் மதிநுட்பத்தை நான் வியக்கிறேன்.

அதற்குள் அவர்கள் புகழ்பெற்ற 'பாக்-மேன்' விளையாட்டைத் திருத்திக் 'கிரேஸி ஓட்டோ' என்னும் மற்றொன்றையும் ஆக்கியிருந்தனர். செய்த உடன்பாடு கையைக் கட்டியது. ஆதலால் அமெரிக்காவில் பாக்-மேனை விற்கும் உரிமை பெற்றிருந்த மிட்வே நிறுவனத்தை நேரே அணுகினர். மிட்வே அதை விலைக்கு வாங்கியது. உருவும் பெயரும் மாற்றி, 1982-இல் 'மிஸ் பாக்-மேன்' என வெளியிட்டது. ஒரு வழிக்குப் பதில் நான்கு வழிச்சுற்றுகள். முன்கூட்டி அறிந்துகொள்ள இயலாத பேய்களின் போக்கு. இவற்றால் அது ஓர் இலட்சம் பொறிகளுக்கு மேல் விற்றது.

எல்லா நிறுவனங்களும் இவ்வாறு வழிவிடுவதில்லை. நிண்டெண்டோவின் 'மெட்ராய்ட் 2' 1991-இல் வந்தது. அர்ஜென்டினா நாட்டு ஆர்வலர் ஒருவர் அதனைப் பல்லாண்டு உழைத்துப் புதிதாக அமைத்து, 2016 ஆகஸ்டில் இலவசமாகவே வெளியிட்டார். சில நாட்களிலேயே நிண்டெண்டோவின் சட்ட அறிவிப்பால் அது விலக்கப்பட்டது. மறு ஆண்டு அந்நிறுவனம் தன் சொந்தப் புதுப்பதிப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. சட்டம் நிறுவனத்தின் பக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அம்மனிதரின் ஆண்டுகளை நினைக்குந்தோறும் என் மனம் கசக்கிறது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று. வால்வ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட 'ஹாப்-லைப்' விளையாட்டைத் தன்னார்வலர் சிலர் அடிமுதல் புதிதாகக் கட்டலாயினர். 'பிளாக் மீசா' என்பது அதன் பெயர். பெயரில் முதலில் ஒட்டியிருந்த 'சோர்ஸ்' என்னும் சொல்லை நீக்குமாறு வால்வ் கேட்டது, நீக்கினர். 2012 செப்டம்பரில் பெரும்பகுதியை இலவசமாக அளித்தனர். இதனினும் சிறந்த விளம்பரம் வேறு யாது? அதே மாதம், வால்வின் இணைய அங்காடியில் எவை இடம்பெற வேண்டும் என்று ஆடுவோர் வாக்களித்தபோது, முதலில் தேறிய சிலவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று. பின்னர், வால்வின் இசைவுடனேயே, 2015 மே மாதத்தில் ஏறத்தாழ 20 டாலருக்கு விற்கத் தொடங்கினர்.

அப்போதும் நூலின் கடைசி அதிகாரம் எழுதப்படாதது போலவே, 'ஸென்' என்னும் அயலுலகப் பகுதி மட்டும் முடியாமலிருந்தது. மூல விளையாட்டிலேயே வலுக்குன்றியது என்று பலர் குறைகூறிய பகுதி அது. முடிந்துவிடும், முடிந்துவிடும் என்று சொல்லியே நாட்கள் தள்ளிப்போயின, நகைத்தோரும் உண்டு. 2020 மார்ச்சில், மூலத்தினும் விரிவாக, முழுமையாக அது வெளிவந்தது. 2015-இல் பணம் செலுத்திக் காத்திருந்தவர்களிடம் மேற்கொண்டு ஒரு காசும் கேட்கப்படவில்லை.