சாத்தன் என்னும் பெயர்

தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஒரு குழந்தை பிறந்தால், பெயர் சூட்டும் நாளில் இரண்டு கவலைகள் எழுவதுண்டு. பெயர் தமிழ் மணம் கமழ்வதாய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று; அண்டை அயலார் நாவில் சிதையாமல் நிற்றல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இசைந்த பெயரைத் தேடிப் பெற்றோர் பல நாள் ஆராய்வர். பாரி, கபிலன், இளங்கோ, செழியன் முதலிய பழம்பெயர்கள் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் வழக்கிற்கு வந்தன. ஆயினும், இவற்றினும் மிகுதியாகப் பழந்தமிழர் நாவிற் பயின்ற ஒரு பெயர் மட்டும் திரும்பி வரவில்லை. 'சாத்தன்' என்பதே அப்பெயர். அது பிறந்த வகையையும், பரவிய வகையையும், அருகிய வகையையும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

சங்க நூல்களைப் புரட்டினால் சாத்தன்மார் பலரைக் காண்கிறோம். சீத்தலைச் சாத்தனார், பேரிசாத்தனார், மோசி சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார் எனப் புலவர் வரிசை நீள்கிறது. பாண்டியன் கீரஞ்சாத்தன் என்னும் தலைவனை ஆவூர் மூலங்கிழார் பாடினார். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது, குடவாயிற் கீரத்தனார் முல்லைக் கொடியை நோக்கி, அவன் இல்லாத ஊரில் நீயும் பூத்தனையோ என்று கேட்டு வருந்தினார். பெண்பாலுக்கும் இப்பெயர் உரியதாயிற்று. ஒரே மகனையும் போர்க்களத்திற்கு அனுப்பிய மறக்குடித் தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் பெண்பாற் புலவரே. தலைவனும் புலவனும் மங்கையும் வேற்றுமையின்றித் தாங்கிய பெயர் இது.

இலக்கண உரையாசிரியர்கள் இதற்கு மற்றொரு சான்று தருகின்றனர். இக்காலத்துக் கணக்குப் புத்தகத்தில் மாம்பழம் வாங்குபவன் இராமனாகவோ சோமுவாகவோ இருப்பான் அல்லவா? அதுபோல, தொல்காப்பியத்திற்கு உரை கண்டோர் ஓர் ஆளைக் காட்டவேண்டிய இடத்திலெல்லாம் சாத்தனையும் கொற்றனையுமே அழைத்தனர். யாரேனும் ஒருவன் என்று சொல்ல வேண்டுமாயின் சாத்தன் என்றாலே போதும் என்னும் அளவிற்கு அப்பெயர் நிலைபெற்றிருந்தது.

அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் 'சாத்தங்கொற்றன்' என்பது ஒன்று. சாத்தன் மகனாகிய கொற்றன் என்பது அதன் பொருள். தந்தை பெயர் முன்னும் மகன் பெயர் பின்னுமாக அமைந்த தொடர் அது. கீரஞ்சாத்தன் என்பதும் அவ்வாறு அமைந்ததே. பிற மாநிலப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் படிவத்தை நிரப்பும்போது, குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என்று நம்மவர் திகைப்பதுண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு என்று விளக்க வேண்டியிருக்கிறது. அதனைக் குறைபாடாகக் கருதி நாணுவோரும் உளர். தந்தை பெயரை முன்வைத்து எழுதும் முறைக்குச் சாத்தங்கொற்றன் முன்னோடியாய் நிற்கும்போது நாணுவதற்கு என்ன இருக்கிறது?

இனிப் பெயரின் பொருளுக்கு வருவோம். இதற்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. 'சாத்து' என்பது வணிகக் கூட்டம். பொதி சுமந்த எருதுகளோடும் கழுதைகளோடும், கள்வர் அஞ்சும்படி கூட்டமாய்ச் செல்லும் வணிகர் திரளுக்கு அப்பெயர். வடமொழியில் 'சார்த்தம்' என வழங்குவதும் அதுவே. பூம்புகார்ப் பெருவணிகனும் கோவலன் தந்தையுமாகிய மாசாத்துவான் பெயரில் இப்பொருளே விளங்குகிறது. கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடல்வழி வாணிகத் தலைவன். மாசாத்துவான் தரைவழி வாணிகத் தலைவன். இவ்வழியே சாத்தன் என்பது வணிகத்தோடு தொடர்புடைய பெயர் என்பர் ஒரு சாரார்.

மற்றொரு சாரார் அதனைத் தெய்வப் பெயர் என்பர். ஊர்ப்புறத்தே குதிரைகள் சூழ வீற்றிருக்கும் ஐயனாருக்குச் சாத்தன் என்பது பழம்பெயர். ஆசான் எனப் பொருள்படும் 'சாஸ்தா' என்னும் வடசொல்லோடு இதனை இணைத்துக் காட்டுவர். பாலி மொழியில் அச்சொல் 'சத்தா' என நின்று புத்தர் பெருமானைக் குறிக்கிறது. புகார் நகரில் பாசண்டச் சாத்தனுக்குக் கோயில் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மாலதி என்பவள் மாற்றாள் குழந்தைக்குப் பால் ஊட்டும்போது அக்குழந்தை விக்கி இறந்தது. பழிக்கு அஞ்சிக் கோயில்தோறும் சென்று கதறிய அவளுக்கு இரங்கி, சாத்தனே குழந்தையாகி அவள் மடியில் வந்தான். வளர்ந்து தேவந்தியை மணந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பின் தன் உண்மை வடிவைக் காட்டி நீங்கினான். துயருற்ற பெண்ணொருத்திக்காகத் தெய்வம் பிள்ளையாய் வந்த கதை இது. பிள்ளைக்கு இடும் பெயருக்கு இதனினும் இனிய கதை வேண்டுமோ?

இப்பெயர் தமிழ் நிலத்தின் எல்லைக்குள் அடங்கிக் கிடக்கவும் இல்லை. எகிப்து நாட்டுச் செங்கடற்கரையில் குசேர் அல் கதீம் என்னும் பழந்துறைமுகம் உள்ளது. அங்கு 1978-க்கும் 1982-க்கும் இடையே சிகாகோ பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இரண்டு கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை. ஒன்றில் 'கணன்' என்றும், மற்றொன்றில் 'சாதன்' என்றும் எழுதப்பட்டிருந்தன. இரட்டித்த மெய்யை ஒற்றையாய் எழுதுவது அக்கால வழக்கமாதலின், அவை கண்ணன், சாத்தன் என்னும் பெயர்களே என ஐராவதம் மகாதேவன் விளக்கினார்.

கடல் கடந்து சென்ற தமிழன் ஒருவன், பிறர் பானையோடு தன் பானை கலந்துவிடாதிருக்கத் தன் பெயரைத் தன் மொழியில் கீறி வைத்தான். அங்கிருந்தோரில் எத்தனை பேர் அதனைப் படிக்கக்கூடும் என்று அவன் தயங்கவில்லை. பிற மொழியாரிடையே வாழும் நாம் நம் வீட்டு வாயிலில் பெயரைத் தமிழிலும் எழுதி வைக்கும்போது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவன் செய்ததையே செய்கிறோம்.

தமிழகத்திலும் இப்பெயர் நெடுங்காலம் வாழ்ந்தது. கி.பி. 773-ஆம் ஆண்டிற்குரிய திருப்பரங்குன்றக் கல்வெட்டு, பாண்டியனின் உயர் அதிகாரியாகிய சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருத்தியமையைக் கூறுகிறது. அவன் மனைவியின் பெயர் நக்கன் கொற்றி. உரையாசிரியர்களின் சாத்தனும் கொற்றனும் ஒரே குடும்பத்துப் பெயர்களாய் இங்கு நிற்பது காண்க.

இத்துணைச் சிறப்புடைய பெயர் அருகியது ஏன்? செங்கடற்கரையில் கிடைத்த இரு பெயர்களுள் கண்ணன் இன்றும் வீடுதோறும் ஒலிக்கிறான். ஆழ்வார்களின் பாடல்கள் அவனை ஒவ்வொரு தாய்க்கும் பிள்ளையாக்கிவிட்டன. சாத்தனுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. அத்தெய்வத்தை மக்கள் ஐயனார், சாஸ்தா, ஐயப்பன் என்று வழங்கத் தலைப்பட்டனர். சாத்தன் என்னும் சொல்லோ குட்டிச்சாத்தான் எனக் குறும்பு செய்யும் சிறு பேயைக் குறிக்கும் நிலைக்குத் தாழ்ந்தது. அதன்மேல், கிறித்தவ வேதத்தின் தமிழாக்கத்தில் தீமையின் தலைவன் 'சாத்தான்' என எழுதப்பட்டான். அது எபிரேய மொழிச் சொல். எதிராளி என்பது அதன் பொருள். மொழிபெயர்த்தோர் வேதச் சொல்லின் ஒலியையே தமிழில் எழுதினர். தமிழ்ச் சாத்தனை இகழ எண்ணினாரல்லர். இரண்டு சொற்களுக்கும் யாதோர் உறவும் இல்லை. ஆயினும் கேட்கும் செவி ஒலியையே அறியும், வரலாற்றை அறியாது. தன் மகனைப் பிறர் எள்ளி நகையாடுவரோ என்று அஞ்சும் தாயைக் குறைகூறவும் முடியாது.

எனினும் அப்பெயர் அடியோடு மாயவில்லை. செட்டிநாட்டில் சாத்தப்பன் என்றும், தென் மாவட்டங்களில் சாத்தையா என்றும் அது வாழ்கிறது. கேரளத்தில் உழைக்கும் எளிய மக்களிடையே நெடுங்காலம் வழங்கியது; பறையி பெற்ற பன்னிரு குலத்தாரைப் பற்றிய கதையில் அகவூர்ச் சாத்தன் ஒருவன். ஊர்ப் பெயர்களும் அதனைப் பேணுகின்றன. திருமூலர் வரலாற்றில் வரும் ஆயன் மூலனின் ஊர் சாத்தனூர். தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையின் பெயரும் சாத்தனூர் அணையே.

நாளை பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் சாத்தன் என்றே பெயரிட வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. பெயர் சூட்டும் உரிமை பெற்றோருடையது. ஆயின், மணிமேகலை பாடிய சாத்தனார் பெயரைப் படிக்கும் நம் வீட்டுச் சிறுவன், "இது என்ன, சாத்தான் பெயரா?" என்று கேட்டால், அவனை அருகமர்த்தி உண்மையை எடுத்துரைக்கும் கடமை நமக்கு உண்டு. வணிகனின் பெயர், புலவனின் பெயர், துயர் துடைக்க மடியில் வந்த தெய்வத்தின் பெயர், கடல் கடந்தும் தன்னைத் தமிழில் எழுதிக்கொண்ட ஒருவனின் பெயர். இவ்வளவும் தெரிந்த பின் அவன் நகையாட மாட்டான்.