ஒரு நோட்டுத் தாள் போன பாதை

லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு நோட்டுப் புத்தகத் தாள் இருக்கிறது. பென்சில் கோடுகள், அவற்றின் மேல் வண்ண மை. நம் வீட்டுப் பரணில் கிடைத்திருந்தால், பையன் ஏதோ கிறுக்கியது என்று பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டிருப்போம். வரைந்த ஆண்டு 1931. வரைந்தவர் ஹாரி பெக், வயது 29. லண்டன் அண்டர்கிரவுண்ட் ரயிலின் சிக்னல் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். ஆள்குறைப்பில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது புழக்கத்தில் இருந்த சட்டைப்பை மேப் பொய் சொல்லவில்லை. தூரம், வளைவு எல்லாவற்றையும் கூடியவரை உள்ளபடியே காட்டியது. வம்பே அதில்தான். நகரத்தின் நடுவில் நிலையங்கள் நெருக்கமாக இருந்ததால் அங்கே பெயர்களும் கோடுகளும் இடியாப்பமாகச் சிக்கிக் கிடந்தன. புறநகர்ப் பக்கம் போனால் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் வெறும் வெள்ளைத் தாள். தொலைதூரத்து ஊர்களை அதில் அடைக்கவே முடியவில்லை.

பெக் யோசித்தது எளிமையானது. பூமிக்கு அடியில் போகிறவருக்கு மேலே எந்தத் தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு? எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். வளைந்து நெளிந்த பாதைகளை அவர் இழுத்து நிமிர்த்தினார். கோடு படுக்கையாகப் போகலாம், நெட்டாகப் போகலாம், இல்லையென்றால் 45 டிகிரியில் சாயலாம். வேறு போக்குக்கு இடமில்லை. நடு லண்டனை ஊதிப் பெரிதாக்கினார், புறநகரைச் சுருக்கினார். சாதாரண நிலையத்துக்குக் கோட்டிலிருந்து நீட்டிய ஒரு சின்னக் குச்சி, வண்டி மாறும் நிலையத்துக்கு ஒரு சாய்சதுரக் கட்டம். தரைக்கு மேலே உள்ளவற்றில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார், அதையும் நேர்கோடுகளாக நிமிர்த்திய ஒரு நீலப் பட்டையாக.

சிக்னல் அலுவலகத்து ஆள் என்பதால் மின்சுற்றுப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதைக்கு அவரே தூபம் போட்டார்: 1933ல் ஊழியர் பத்திரிகையில் தன் மேப்பையே கிண்டல் செய்து, நிலையப் பெயர்களுக்குப் பதிலாக மின்சாரச் சொற்களைப் போட்டு ஒரு படம் வெளியிட்டார்.

தாள் விளம்பரப் பிரிவுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. தூரத்தைக் காட்டாத மேப்பை ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள். பெக் விடவில்லை, மறு ஆண்டு மீண்டும் கொடுத்தார். 1932ல் 500 பிரதி அச்சிட்டுச் சில நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். கேட்டு வாங்கிப் போனார்கள். 1933 ஜனவரியில் சுமார் 7 லட்சம் மடிப்பு அட்டைகள் வெளிவந்தன. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று முகப்பிலேயே தயக்கத்தோடு கேட்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் மறு அச்சு போட வேண்டியிருந்ததே ஜனங்கள் சொன்ன கருத்து. வரைந்தவருக்குக் கிடைத்தது சில கினிகள். ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும்.

இந்த மேப்பை நம்புவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். பேஸ்வாட்டர், குவீன்ஸ்வே என்ற இரண்டு நிலையங்களை எடுத்துக்கொள்வோம். முன்னது சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட் லைன்களில் இருக்கிறது, பின்னது சென்ட்ரல் லைனில். மேப்பைப் பார்த்து நடக்கிற நல்ல பிள்ளை என்ன செய்வார்? பேஸ்வாட்டரில் ஏறி, அடுத்த நிலையமான நாட்டிங்ஹில் கேட்டில் இறங்கி, எஸ்கலேட்டரில் ஆழத்துக்குப் போய், சென்ட்ரல் லைன் பிடித்து, அடுத்த நிலையமான குவீன்ஸ்வேயில் வெளியே வருவார். வந்து நிமிர்ந்து பார்த்தால், ஏறின நிலையம் அதே தெருவில், கூப்பிடு தூரத்தில் நிற்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பதற்கு இதைவிட நல்ல படம் வரைய முடியாது. காவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. அதற்கும் டிக்கெட் எடுத்துப் போகிற சுற்றுலாக்காரர்கள் தினமும் உண்டு. ஆகவே கோட்டின் நீளத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது. நிலையங்களை எண்ண வேண்டும், மாறுகிற இடங்களை எண்ண வேண்டும். நடந்து போக முடியுமா என்பதைத் தெருவில் யாரிடமாவது கேட்பதே மேல்.

கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் பெக் அந்த மேப்பை விட்டுப் பிரியவில்லை. புது லைன் வரும், நிலையத்தின் பெயர் மாறும். ஒவ்வொரு தடவையும் திருத்தி வரைந்து கொடுத்தார். 1960ல் அவர் கையிலிருந்து அது பிடுங்கப்பட்டது. விளம்பர அதிகாரி ஹரால்ட் ஹட்சிசன் தன் பெயரில் ஒரு மேப் வெளியிட்டார். கோடுகள் திரும்பும் இடங்களில் இருந்த வளைவுகள் போய் முனைகள் குத்தின, நடு லண்டன் மறுபடி நெரிந்தது. மேப்பின் உரிமையைக் கொடுத்தபோது, இனி வரும் திருத்தங்களையும் நானே செய்வதாகத்தானே பேச்சு என்று பெக் எழுதிப் போராடினார். அப்போது தோண்டப்படவிருந்த விக்டோரியா லைனையும் சேர்த்துத் தானாகவே ஒரு புது மேப் வரைந்து அனுப்பினார், வேண்டாம் என்றுவிட்டார்கள். 1965ல் ஓய்ந்துபோனார். இதற்குள் பால் கார்பட் என்ற இன்னொருவர், பெக்கின் வழிக்கே திரும்பி, வளைவுகளை மீட்டு வரைந்த மேப் வந்துவிட்டது. பிள்ளையை மீட்டார்கள், பெற்றவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். 1974ல் பெக் இறந்தார். மேப்பின் ஓரத்தில் அவர் பெயர் மீண்டும் இடம்பெற 1997 வரை ஆனது.

அந்தத் தாளோ எங்கெங்கோ போய்விட்டது. 1939லேயே சிட்னி அதைப் பார்த்துத் தன் ரயில் மேப்பை வரைந்துகொண்டது. நியூயார்க்கில் 1972ல் மாசிமோ விக்னெல்லி இந்த முறையை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். நீண்டு கிடக்கிற சென்ட்ரல் பார்க் அவர் மேப்பில் சதுரமானது. தெருக்கணக்கில் வாழ்கிற நியூயார்க்வாசிகள் கொதித்தார்கள், 1979ல் அதை எடுத்துவிட்டார்கள். 2025ல் அதே சாயலில் ஒரு மேப் அங்கே திரும்பி வந்திருக்கிறது. லண்டன்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2009 செப்டம்பரில் மேப்பிலிருந்து தேம்ஸை எடுத்துவிட, நகரமே கூச்சல் போட்டது. மேயர் தலையிட்டு, டிசம்பரில் நதி திரும்பி வந்தது. மேப்பில் உதவாத ஒரே பொருள் அந்த நதிதான், ஆனால் அது இல்லாவிட்டால் தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாதுபோல.

சென்னை மெட்ரோ மேப்பும் இதே குடும்பத்து வாரிசு. சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் நீலமும் பச்சையும் சந்திக்கின்றன. சென்ட்ரலில் ஏறி ஆலந்தூர் போக இரண்டு வழி. எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று சுற்றும் பச்சையில் ஆலந்தூர் 15ஆவது நிலையம். அண்ணா சாலை வழியாகச் சைதாப்பேட்டை, கிண்டி என்று போகும் நீலத்தில் 10ஆவது. கோட்டின் நீளத்தைப் பார்த்துக் குழம்பாமல் விரல் வைத்து எண்ணினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

லண்டன் போகிறவர்களுக்கு ஒன்று. பெக்கின் பழைய மேப்பின் பிரதி ஒன்றை, அவர் வாழ்ந்த பகுதியின் நிலையமான ஃபின்ச்லி சென்ட்ரல் நடைமேடையில் வைத்திருக்கிறார்கள். மேப்பில் கறுப்புக் கோட்டைப் பிடித்து வடக்கே போங்கள். கேம்டன் டவுனில் கோடு இரண்டாகப் பிரியும். எட்ஜ்வேர் வண்டியை விட்டுவிட்டு, ஹை பார்னெட் என்று பலகை போட்ட வண்டியில் ஏறுங்கள்.