பலாங்கொடை: வயலும் மலைச்சரிவும்

இலங்கையின் மத்திய மலைத்திணிவு தெற்கே சரிந்திறங்கும் பகுதியில், இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை அமைந்துள்ளது. ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்கும் எல்லைக்கு அண்மையில் இருப்பதே இவ்வூரின் புவியியற் சிறப்பாகும். பள்ளத்தாக்குகளில் நெல் விளைகின்றது. மேற்சரிவுகளில் தேயிலையும் தாழ்சரிவுகளில் இறப்பரும் பரந்துள்ளன. நீரோடைகள் வளவை கங்கையை நோக்கி ஓடுகின்றன.

பலாங்கொடை என்றதும் வரலாற்று மாணவர் நினைவிற்கு வருவது ‘பலாங்கொடை மனிதன்’ என்னும் பெயரே. பி. ஈ. பி. தெரணியகல வழங்கிய அப்பெயர் உலகறிந்தது. எனினும் அம்மனிதனின் எச்சங்களுக்குப் பேர்பெற்ற படதொம்பலென குகை குருவிட்டைக்கு அருகிலன்றோ உள்ளது! ஓர் ஊரின் பெயர் ஒரு பண்பாடு முழுவதற்கும் ஆகிவந்தது எனலாம்.

அதனினும் வியப்பிற்குரியது இப்பகுதியின் இரும்புத் தொழில். சமனலவெவ நீர்த்தேக்கத் திட்டத்தையொட்டி ஜில் ஜூலெஃப் மேற்கொண்ட அகழாய்வில், மேற்கு நோக்கிய மலைமுகடுகளில் பழைய உலைகள் வெளிப்பட்டன. துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே அவை எரிந்தன. மாதிரி உலையொன்றை அமைத்து இரும்பை உருக்கிக் காட்டிய பின்னரே அவர் 1996இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். கி.பி. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியிலேயே இத்தொழில் இங்கு செழித்திருந்தது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கருத 1840ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. கோப்பி வந்தது, 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தது, தேயிலை தொடர்ந்தது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் திரட்டி வந்தோர் லயன்களில் குடியேற்றப்பட்டனர். பள்ளத்தாக்கினர் தம் ஊரை வயலாலும் விகாரையாலும் அறிந்தனர். மேலேயிருந்தோர் பெட்டியாகல, ரஸ்ஸகல என்னும் தோட்டப் பெயர்களால் அறிந்தனர். சேனை நிலத்தை இழந்தவனும் கடனோடு வந்திறங்கியவனும் ஒரே ஆட்சியின் கீழ் நலிந்தோர் என்பது இருவர்க்கும் புலப்படாமற் போயிற்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மேலேயிருந்தோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்தம் விருப்பத்தை எவரும் வினவவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் லயன்கள் எரிக்கப்பட்டன. தப்பியோர் சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்குச் சென்று காடு வெட்டி மீண்டும் உழவராயினர். அங்கும் போர் அவர்களைத் தொடர்ந்தது.

எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை உறுதி செய்தது. லயன் நிற்கும் நிலத்திற்கான உறுதி மட்டும் அவர்களுட் பெரும்பாலோர் கைக்கு வரவில்லை.