டீச்சர் அத்தை

நம்ம மலருக்கு ஊர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு செயற்குழுவில் என் பேரைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ராஜா கதையெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. நான் படித்தது பத்தாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த வரலாறு எங்க அத்தைதான். அவங்களைப் பற்றி எழுதினால் நம்ம ஊர்ப் பெண்களின் கதையும் கூடவே வந்துவிடும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அத்தை எங்க அப்பாவுக்கு மூத்தவங்க. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமா இறந்துவிட்டார். குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவங்க, ஆசிரியர் பயிற்சி முடித்து, எங்க பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாங்க. ஊரில் எல்லோருக்கும் அவங்க 'டீச்சர்'. எனக்கு மட்டும் 'டீச்சர் அத்தை'.

மூன்றாம் வகுப்பில் நான் அவங்களிடமே படித்தேன். வீட்டில் மடியில் வைத்துச் சோறு ஊட்டுவாங்க, பள்ளிக்கூடத்தில் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போவாங்க. முத்துலெட்சுமி ரெட்டி கதையை அவங்க சொல்லித்தான் கேட்டேன். 1886ல் நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர். பையன்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தவர். அப்புறம் டாக்டராகி, சென்னை மாகாண சட்ட மேலவையில் முதல் பெண்ணாக உட்கார்ந்தவர். 1954ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். "நம்ம புதுக்கோட்டைப் புள்ளைதான் அது" என்று முடிப்பாங்க. ஏதோ சொந்தக்காரரைச் சொல்வது போல இருக்கும்.

இப்போது அறிவொளி காலத்துக்கு வருகிறேன். நம்ம மலரைப் படிக்கிற இளம் வயதுப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகத் தொண்டர்கள் ராத்திரியில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்க ஊரில் அந்தப் பொறுப்பை அத்தைதான் எடுத்துக்கிட்டாங்க. பகலில் பிள்ளைகளுக்கு வாத்தியார், ராத்திரி ஏழரை மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு வாத்தியார்.

எங்க அம்மாவும் அந்த வகுப்பில் படித்தவங்கதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறக்கும் முன்னால் வீட்டுச் செலவுக்காக ஒருத்தரிடம் ஐந்நூறு ரூபாய் கடன் வாங்கி, அம்மா ஒரு சீட்டில் கைநாட்டு வைத்தாங்க. அந்தச் சீட்டில் எவ்வளவு எழுதியிருந்தது என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. கொடுத்து முடிக்க நாலு வருஷம் ஆனது. அம்மாவின் இரண்டு ஆடும் தோடும் போயிற்று. "அண்ணி, அந்தச் சீட்டு மட்டும் எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா" என்று அம்மா அழுதாங்களாம். அதனால் அத்தை வகுப்பில் 'அ, ஆ' என்று ஆரம்பிக்கவில்லை. பட்டா, கூலி, வட்டி, கடன் என்று ஆரம்பிச்சாங்க. தினம் வாயில் புழங்குற வார்த்தைதானே சீக்கிரம் கைக்கு வரும்.

அறிவொளியோடு சேர்ந்து சைக்கிளும் வந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டினால் கேலி செய்த காலம் அது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் கம்பி இருப்பதால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதுவே நல்லதாகப் போயிற்று. அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றி அதன் மேல் என்னை உட்கார வைத்து அத்தை ஓட்டியது எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணி அடிச்சிக்கிட்டே போவாங்க. 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை டவுனில் 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். எங்க ஊரிலிருந்து ஆறு பேர். அதில் அத்தையும் ஒருத்தர். கல் குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம். ஆனாலும் எழுதுகிறேன்.

2003ல் நான் பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணினேன். மேலே படிக்க இலுப்பூர் போகணும். பஸ் நேரத்துக்கு வராது. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தை வந்து, "தம்பி, என் சைக்கிளைத் தர்றேன், அவ போய்ட்டு வரட்டும்" என்று கேட்டாங்க. பேச்சு வளர்ந்து கடைசியில் அப்பா, "படிச்சு உன்னை மாதிரி தனியா நிக்கணுமாக்கா அவ?" என்று கேட்டுவிட்டார். அத்தை ஒன்றும் பேசவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் படிக்கணும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எத்தனையோ பெண்களைப் பேச வைத்தவங்க வீட்டில் நான் வாய் திறக்காமல் நின்றேன்.

அத்தை அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமாகி, பக்கத்துத் தெருவிலேயே வாழ்ந்து, குழுவில் சேர்ந்தபோது, "தீர்மான நோட்டு எழுதுற வேலையை நீ கேட்டு வாங்கிக்க புள்ள" என்று சொன்னாங்க. முதல் ஆறு மாசம் நான் எழுதியதை வாங்கிப் பார்த்து, சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தாங்க. சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் தனித்தனிப் பத்தியில் போடணும், அடித்தல் திருத்தல் கூடாது, அடித்தால் பக்கத்தில் கையெழுத்து வைக்கணும். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன்.

2012ல் ஓய்வு பெற்றாங்க. 2018ல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பென்ஷன் பணம் எடுக்க நான்தான் பேங்குக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். இடது கையால் கையெழுத்துப் போட்டாங்க. பழைய கையெழுத்தோடு சேரவில்லை, கைநாட்டு வைக்கச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. ஊரில் அத்தனை பேர் கைநாட்டை மாற்றியவங்க கையில் மைப்பெட்டியை எப்படி நீட்டுவது? நான் அழுதுவிட்டேன்.

அத்தை அழவில்லை. வாய் குழறிக் குழறித்தான் பேச்சு வரும். "அந்தச் சீட்டக் குடு" என்று வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படிச்சாங்க. தொகையை இரண்டு தடவை பார்த்தாங்க. அப்புறம் கட்டை விரலை மையில் தொட்டு வச்சாங்க. வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் சொன்னாங்க, "கைநாட்டுல கேவலம் ஒன்னும் இல்ல புள்ள. படிக்காம வைக்கிறதுதான் தப்பு. கையெழுத்தா இருந்தாலும் அப்படித்தான்."

2019 மாசி மாசம் அத்தை காலமானாங்க. எங்க அப்பாதான் கொள்ளி வைத்தார். காரியம் முடிந்த அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னப் படிக்க வச்சிருக்கலாம் ஆத்தா" என்று மட்டும் சொன்னார். அத்தையின் சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறோம். என் மகள் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு, இலுப்பூருக்குப் போய் வருகிறாள்.

எங்க குழுவில் கடன் பத்திரமோ தீர்மானமோ, எது வந்தாலும் நான் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குகிறேன். இன்னும் கைநாட்டு வைக்கிற ஆத்தா இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு தடவை படிப்பேன். நேரமாகிறது என்று சில பேர் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். நம்ம கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுவிலும் இப்படிச் செய்யணும் என்பது என் வேண்டுகோள். இது நான் கண்டுபிடித்தது இல்லை, டீச்சர் அத்தை சொல்லிக் கொடுத்த பாடம்.