பரணும் ஏணியும்
(கேன் ரிட்ஜ் ஆலயத்தின் வரலாறு)

ஓர் ஆலயத்தின் பெருமையை அதன் கோபுரத்தைக் கொண்டு அளப்பார் உளர். அதன் செல்வத்தைக் கொண்டு அளப்பாரும் உளர். அதற்குள் நுழைய எவரெவர்க்கு எந்தெந்த வழி விடப்பட்டது என்று கேட்டு அளப்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேட்குமாறு நம்மைத் தூண்டும் சிற்றாலயம் ஒன்று அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் இருக்கின்றது. அதன் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

கெண்டக்கியின் நடுப்பகுதியை 'நீலப்புல் நாடு' என்பர். மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை. அதனூடே சுரக்கும் நீரிலும், அதன்மேல் தழைக்கும் புல்லிலும் சுண்ணச் சத்து மிகுதி. அப்புல்லை மேய்ந்து வளரும் குதிரைக்கு எலும்பு வலுக்கும் என்பது அந்நாட்டுக் குதிரை வளர்ப்போர் துணிபு. ஆதலின் அங்கே கண்ணுக்கெட்டிய தூரமும் குதிரைப் பண்ணைகளே. அப்பகுதியிலுள்ள பாரிஸ் என்னும் சிற்றூருக்குச் சில மைல் கிழக்கே உள்ளது கேன் ரிட்ஜ். முற்காலத்தில் அங்கு அடர்ந்து கிடந்த மூங்கில் இனச் செடிக்குக் 'கேன்' என்றும், மேட்டு நிலத்திற்கு 'ரிட்ஜ்' என்றும் பெயர். நம் மொழியிற் சொன்னால் அது 'மூங்கில் மேடு'.

இம்மேட்டிற் குடியேறியவர்கள் 1791-ஆம் ஆண்டு மரங்களை வெட்டி, கட்டைகளை அடுக்கி, ஒரே அறையாலான தொழுகைக் கூடம் ஒன்றைக் கட்டினர். ஏறத்தாழ ஐம்பது அடி நீளமும் முப்பது அடி அகலமும் உடையது அது. கெண்டக்கி தனி மாநிலமானதே அதற்கு அடுத்த ஆண்டுதான். உள்ளே எளிய பலகை ஆசனங்கள். மேலே ஒரு பரண். அப்பரண் அடிமைகளுக்கென்று அமைந்தது. அதற்கு உள்ளிருந்து படிக்கட்டு இல்லை. எசமானர் வாசல் வழியே நுழைவார். அவருடைய அடிமையோ வெளிச் சுவரிற் சார்த்திய ஏணியில் ஏறிச் சாளரத்தின் வழியே பரணிற் புகவேண்டும். ஒரே கூரை, ஒரே வேதம், ஒரே கடவுள். வழி மட்டும் இரண்டு!

1800-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கெண்டக்கியின் மக்கட்டொகை 2,20,955. அவருள் 40,343 பேர் அடிமைகள். நாள்தோறும் கணக்குப் புத்தகத்தோடு பழகும் எனக்கு இவ்வெண்களைவிட வருத்தந் தருவது வேறொன்று. இறந்த எசமானரின் சொத்துப் பட்டியல்களில், குதிரையும் பசுவும் ஏரும் எழுதப்பட்ட அதே தாளில், அதே மைக்கோலால், மனிதர் பெயரும் அவர்க்கு நேரே விலையும் எழுதப்பட்டன. எழுதிய கை நடுங்கிற்றோ இல்லையோ, யார் அறிவார்?

இவ்வாலயத்தை உலகறியச் செய்தது 1801-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த பெருங்கூட்டம். பார்ட்டன் ஸ்டோன் என்னும் இளம் பாதிரியார் அப்போது அங்கே குருவாக இருந்தார். திருவிருந்துக்கென்று கூடிய அக்கூட்டம் ஒரு வாரத்தளவு நீடித்தது. வந்தோர் பதினாயிரத்திற்குக் குறையார் என்றும், இருபதினாயிரத்திற்கு மேல் என்றும் பலவாறு மதிப்பிடுவர். அந்நாளில் அவ்வட்டாரத்தின் பெருநகரமான லெக்சிங்டனில் வாழ்ந்தவர் 1,795 பேரே என்பதை எண்ணினால் இதன் பெருமை புலனாகும். கூடம் கொள்ளாமையால் மரங்களின் அடியிலும் வண்டிகளின் மீதும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள் மீதும் நின்று, ஒரே வேளையிற் பலர் பிரசங்கித்தனர். மக்கள் அழுதனர், அலறினர், மூர்ச்சையாகி வீழ்ந்தனர். பிரெஸ்பிட்டேரியரும் மெதடிஸ்டரும் பிரிவு பாராது நின்றனர். கறுப்பின மக்கள் கூடிய ஓரிடத்தில் அவர்களுள் ஒருவரே போதகராய் நின்று பேசினார்.

வெட்டவெளியிற் பரண் ஏது, ஏணி ஏது? ஆயினும் கூட்டம் கலைந்தது. மீண்டும் ஏணி நின்றது.

அக்கூட்டத்தாற் பயனே இல்லை என்று யாம் கூறவில்லை. அதன் பின்னர் அவ்வட்டாரத்தார் சிலர் தம் அடிமைகளை விடுவித்தனர். ஸ்டோன் தாமும் விடுவித்தார். 1804-ல் அவரும் தோழர்களும் தம் சபைப் பிரிவையே கலைத்து, 'கிறிஸ்தவர்' என்னும் பெயரொன்றே போதும் என்றனர். பிற்காலத்தில் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மரபுரிமையாகச் சில அடிமைகள் வந்தபோது, அவர்களை விடுவிக்கும் உரிமை சட்டப்படி அவருக்கில்லாது போயிற்று. அடிமை முறைக்கு இடமில்லாத இல்லினாய் மாநிலத்திற்கு அவர் 1834-ல் குடிபெயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1844-ல் அவர் இறந்தார். 1847-ல் அவர் எச்சங்களைக் கேன் ரிட்ஜுக்கே கொணர்ந்து, ஆலயத்தை அடுத்த இடுகாட்டில் அடக்கினர். அவருக்கு அங்கே நினைவுத் தூணும் உண்டு.

ஏணியில் ஏறியவர்களுக்கு என்ன உண்டு? கெண்டக்கியில் அடிமைகளாய் மாண்டோர் பெரும்பாலார்க்குப் பெயர் பொறித்த கல் கிடைத்ததில்லை. இதே நாட்டில் குதிரைக்குக் கல்லறை உண்டு. 1989-ல் இறந்த 'செக்ரட்டேரியட்' என்னும் பந்தயக் குதிரை, பாரிஸ் ஊரின் கிளேபோர்ன் பண்ணையில் முழு உடலோடு அடக்கம் பெற்றுப் பெயர் பொறித்த கல்லின்கீழ்க் கிடக்கின்றது. குதிரையைப் போற்றுவதை யாம் குறை கூறோம். ஆனால் அக்குதிரைகளின் முன்னோரைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பழக்கியவர் யார்? முதற் கெண்டக்கி டெர்பி 1875-ல் நடந்தபோது பதினைந்து சவாரிக்காரருள் பதின்மூவர் கறுப்பர். அப்பந்தயத்தில் மும்முறை வென்ற ஐசக் மர்பி 1896-ல் மாண்டார். அவர் கல்லறை பன்னெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1967-ல் அவர் எச்சங்களை எடுத்துப் பெருமையோடு அடக்கியது எங்கே தெரியுமா? 'மேன் ஓ வார்' என்னும் குதிரையின் சமாதிக்கு அருகில்!

மீண்டும் ஆலயத்திற்கு வருவோம். 1829-ல் கூடத்தைப் புதுப்பித்தபோது பரணைப் பெயர்த்தெடுத்தனர். அம்மரங்கள் அருகிலிருந்த களஞ்சியத்தில் வைக்கோற் பரணாகப் பயன்பட்டன. பரண் போயிற்று, அடிமைத்தனம் போகவில்லை. அது சட்டப்படி ஒழிய 1865-ஆம் ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வொழிப்புச் சட்டத்திற்குக் கெண்டக்கி முறைப்படி இசைவு தந்ததோ 1976-ல்தான்!

1932-ல் அப்பரணை மீண்டும் அதன் பழைய இடத்திலேயே நிறுவினர். 1957-ல் மரக்கூடம் முழுவதையும் காக்கச் சுண்ணாம்புக் கல்லால் ஒரு பெருங்கட்டடத்தை அதனைச் சூழ எழுப்பினர். இன்று செல்வோர் கல் மாளிகைக்குள் மர ஆலயத்தையும், அதனுள் அப்பரணையும் காணலாம்.

'இழிவைக் காட்டும் பரணை ஏன் மீண்டும் வைத்தனர்? வைக்கோலோடு போகட்டும் என்று விட்டிருக்கலாகாதா?' என்று வினவுவார் இருக்கலாம். விட்டிருந்தால், 1801-ன் பக்திப் பெருக்கு மட்டுமே நினைவில் நிற்கும். அப்பெருக்கு நனைக்காது விட்ட இடம் மறந்துபோகும். மறைத்த இழிவு ஒழிந்த இழிவு ஆகாது. பெயரும் கல்லும் இல்லாதுபோன அம்மக்களுக்கு அப்பரணே கல்லறை. அதன் பலகைகளே கல்வெட்டு. அவ்வாலயத்தின் புகழைப் பாடுவோர் பாடட்டும். உள்ளே செல்வோர் ஒருமுறை தலை நிமிர்ந்து மேலேயும் பார்ப்பாராக.