ஸ்லேட்டரின் ஐந்து ஊர்கள்

தரவு அறிவியல் படிப்புகள் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது, மாணவரை வகுப்புக்கு வெளியே அனுப்புவதைத்தான். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில், மாணவர் ஏதாவதொரு கடைக்கோ பட்டறைக்கோ போய்க் கணக்கை வாங்கி அலசி அறிக்கை தர வேண்டிய பாடம் உண்டு. நல்ல ஏற்பாடு, புதிது என்று சொல்வதுதான் இடிக்கிறது. சென்னையில் இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது.

ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்துக் குடியானவர்களின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை எழுதியவர். ஊரை விட்டுவிட்டுப் பொருளியல் பேசுகிறவர் அல்ல. 1916இல் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வந்தார்கள். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் உள்ளிட்ட ஊர்களின் விவரம் 1918இல் நூலாக வந்தது. அதோடு முடியவில்லை. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வை நடத்தினார்கள்; 1980களில் எஸ். குஹன் போன்றோர் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் இருவேல்பட்டுக்குப் போனார்கள். பண்ணையில் கடனுக்குக் கட்டுண்டு கிடந்த படியாள் முறை இருவேல்பட்டில் மறைந்த கதையை ஊகமாக அல்லாமல் ஊர்க்கணக்காகவே சொல்ல முடிவது இந்தத் தொடர்ச்சியால்தான். ஒரு மாணவர் பயிற்சி வரலாற்று ஆவணமானது அதன் நுட்பத்தால் அல்ல. ஊரின் பெயரும் கேட்ட கேள்வியும் அச்சில் நின்றதால், அடுத்தவர் திரும்பிப் போக வழி இருந்தது.

அன்று பல்கலைக்கழகம் வரை வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள்; சேரியில் அவர்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரல்விட்டு எண்ணத்தக்க ஊர்கள் மாகாணத்துக்குச் சாட்சி ஆகாது என்பதும் உண்மை. ஆனால் எந்த ஊர், என்ன கேள்வி என்று தெரிந்தால்தான் சாய்வையே கண்டுபிடிக்க முடியும். கோடிக்கணக்கான வரிகள் இருந்தால் இந்தக் குறை கரைந்துவிடும் என்பது பெருந்தரவுக்காரர்கள் சிலரின் நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மளிகைக் கடையின் யுபிஐ பதிவில் ரொக்கம் வராது, பற்று நோட்டில் மாதக் கடைசிவரை நிற்கும் பாக்கியும் வராது. வரிகள் பெருகினாலும் விடுபட்டவர் விடுபட்டவரே. அதைக் காண யாராவது கல்லாப்பெட்டி அருகே நின்று நோட்டைப் புரட்ட வேண்டும்.

இன்றைக்குக் கடைக்காரர் பெயரை அச்சிட முடியாது, அந்தரங்கம் இருக்கிறது என்பார்கள். அச்சிட வேண்டாம். தெரு, மாதம், கேட்ட கேள்விகள், பார்க்காமல் விட்ட நோட்டுகள் ஆகியவற்றைத் துறை பத்திரப்படுத்தினால், பத்தாண்டு கழித்து இன்னொரு மாணவர் அதே தெருவுக்குப் போகலாம். மதிப்பெண் போட்டதும் அறிக்கையை மூடிவைத்தால் அது முடியாது.