மொழிக் கல்வியில் ஊக்கமும் உறுதியும்: சோமா டி கொரோஷின் திபெத்தியக் கல்வி (1823–1830)

முன்னுரை

புதியதொரு மொழியைக் கற்கத் தொடங்குவோர் பலர். அதில் புலமை பெறும்வரை நிலைத்து நிற்போர் சிலரே. இவ்வாறு நிலைத்து நிற்பதைத் தனிமனிதரின் மனவுறுதி என்று மட்டுமே கொள்வது பொதுவழக்கு. திபெத்திய மொழியாய்வுக்கு அடித்தளமிட்ட ஹங்கேரிய அறிஞர் அலெக்சாண்டர் சோமா டி கொரோஷின் (1784–1842) வாழ்வும் பெரும்பாலும் இம்முறையிலேயே எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயின், அவர் இமயமலைப் பகுதியில் திபெத்தியம் கற்ற ஆண்டுகளை வரிசைப்படி நோக்குமிடத்து, அவ்வுறுதியைத் தாங்கி நின்ற வேறு மூன்று கூறுகள் புலப்படும். வரையறுத்த பணி, உடனிருந்து கற்பித்த ஆசிரியர், வாழ்க்கைக்கான பொருளுதவி என்பன அவை. இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோக்கம் வரையறை பெறுதல்

திரான்சில்வேனியாவின் கொரோஷ் என்னும் சிற்றூரில் பிறந்த சோமா, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இலத்தீனம், கிரேக்கம், எபிரேயம், அரபு முதலிய மொழிகளை முன்னரே கற்றிருந்தார். ஹங்கேரிய மக்களின் தோற்றத்தை ஆசியாவின் உட்பகுதியில் தேடிக் காண்பதே அவர்தம் வாழ்நாள் குறிக்கோள். 1819-இல் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட அவர், பாக்தாத், டெஹ்ரான், புகாரா, காபூல், லாகூர் வழியாக 1822-இல் லே நகரை அடைந்தார். அங்கிருந்து வடக்கே யார்க்கந்துக்குச் செல்லும் வழி பெரும்பொருட் செலவும் இடரும் உடையதென அறிந்து திரும்பினார்.

திரும்பும் வழியில், 1822 ஜூலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் மூர்கிராப்டைச் சந்தித்தார். ரோமில் 1762-இல் அச்சான ஜார்ஜியின் திபெத்திய எழுத்து நூல் மூர்கிராப்டு வாயிலாக அவர் கைக்கு வந்தது. அதனைப் படித்தபின் திபெத்தியத்தின் அமைப்பை முழுமையாக அறிய வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. திபெத்திய நூல்நிலையங்களில் தம் மக்களைப் பற்றிய செய்தி கிடைக்கக்கூடும் என்றும் அவர் எண்ணினார். எனினும் உடனடியாக அவர் ஏற்றுக்கொண்ட பணி, ஓர் இலக்கணமும் ஓர் அகராதியும் ஆக்கித் தருவதே. எல்லை காண இயலாத ஒரு தேடல், தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பணிக்கு இவ்வாறு இடமளித்தது. பின்வந்த ஏழாண்டு உழைப்பை விளங்கிக்கொள்ள இம்மாற்றம் இன்றியமையாதது.

2. சங்லாவில் கல்வி

1823 ஜூனில் சான்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள சங்லாவை அடைந்த சோமா, 1824 அக்டோபர் வரை அப்பகுதியில் தங்கினார். அப்போது அவருக்கு வயது 39. மருத்துவத்திலும் வானியலிலும் தேர்ந்த லாமா சங்யே புன்த்சோக் அவர்தம் ஆசிரியர் ஆனார். குளிர்காலத்தில் சோமா, லாமா, ஏவலர் ஒருவர் ஆகிய மூவரும் ஒன்பதடிச் சதுரமான அறையொன்றில் அடைபட்டுக் கிடந்தனர். வெளியே பனி மூடியிருந்தது. உள்ளே தீ மூட்ட வழியில்லை. இருட்டியபின் விளக்கும் இல்லை. ஆட்டுத்தோல் போர்வைக்குள் கைகளை ஒடுக்கியபடி காலை முதல் மாலைவரை வாசிப்பு நடைபெற்றது.

இச்செய்தி பலராலும் வியந்து கூறப்படுவது. கற்பித்தல் நடைபெற்ற முறையே மொழியியலார் கவனத்துக்கு உரியது. எழுத்துத் திபெத்தியத்தில் வரும் முன்னொட்டு மெய்கள் பல பேச்சில் ஒலிப்பதில்லை. சொல்லின் ஆதார எழுத்து எதுவென அறியாதவர் அகராதியிற் சொல்லைத் தேடுவதும் அரிது. எனவே நூலை மட்டும் கொண்டு இம்மொழியைக் கற்பது மிகக் கடினம். சோமா தம் ஐயங்களை வினாக்களாக்கி முன்வைத்தார்; லாமாவும் பிற அறிஞர் சிலரும் அவற்றுக்கு விடையாகச் சிறுநூல்களை எழுதித் தந்தனர். இவ்வகை ஏடுகள் ஹங்கேரிய அறிவியல் கழக நூலகத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. கற்பவரின் வினாவே பாடத்தின் வரிசையை வகுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

3. தளர்ச்சியும் தொடர்ச்சியும்

இக்கல்வி இடையறவின்றி நடந்ததன்று. 1824 இலையுதிர் காலத்தில் தம்மைப் பின்தொடர்ந்து வருவதாக வாக்களித்த லாமா வரவில்லை. ஆங்கில எல்லையிலிருந்த சபாத்துவை நவம்பரில் தனியே அடைந்த சோமாவை அலுவலர்கள் ஐயத்துடன் நிறுத்தி வைத்தனர். அவர் தம் வரலாற்றையும் திட்டத்தையும் 1825 ஜனவரியில் எழுதித் தந்த பின்னரே, திங்கள்தோறும் 50 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1825-இல் தொடங்கிய இரண்டாம் பயணம் புக்தல் மடத்தை மையமாகக் கொண்டது. இம்முறை லாமா சில திங்களே உடனிருந்தார். பணி முற்றுப்பெறவில்லை என்பதைச் சோமா தாமே அரசுக்கு எழுதி ஒப்புக்கொண்டார். குளிரும் வறுமையும் முன்பிருந்தவையே, மனவுறுதியும் குன்றவில்லை. குறைந்தது ஆசிரியரின் துணை ஒன்றே. அவர்தம் உழைப்பே தேவையற்றதோ என்னும் ஐயத்தை எழுப்பத்தக்க வகையில், 1826-இல் செராம்பூரில் வேறொரு திபெத்திய அகராதியும் வெளிவந்தது.

1827-இல் மூன்றாம் முறையாகப் புறப்பட்ட சோமா, இன்றைய இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் பகுதியிலுள்ள கானம் என்னும் ஊரிற் குடியமர்ந்தார். கஞ்சூர், தஞ்சூர் ஆகிய பெருந்தொகுப்புகள் அங்கிருந்தன. லாமாவும் உடன் தங்கினார். 50 ரூபாயில் 25 ரூபாய் லாமாவுக்கு அளிக்கப்பட்டது. ஊரும் தொழிலும் உடைய ஓர் அறிஞர் அவற்றை விட்டு ஆண்டுக்கணக்கில் கற்பிக்க வேண்டுமாயின், அதற்கு உரிய ஏற்பாடு வேண்டும். கானத்தில் அது நிறைவேறியது. 1830-இல் பணியும் நிறைவேறியது.

4. பணியின் பயன்

அகராதியும் இலக்கணமும் 1834-இல் கல்கத்தாவில் அச்சேறின. கஞ்சூர், தஞ்சூர் பற்றிய அவர்தம் பகுப்பாய்வை ஆசியக் கழகம் 1836-இல் வெளியிட்டது. லாகுல் பகுதியிற் பணியாற்றிய யெஷ்கே, 1881-இல் தம் திபெத்திய அகராதியை வெளியிட்டபோது, சோமாவின் அகராதியை அரிய உறுதிக்கும் பொறுமைக்கும் விளைந்த பயனெனப் போற்றினார்.

தொடக்க நோக்கத்தைச் சோமா கைவிட்டாரல்லர். 1842-இல் லாசாவுக்குப் புறப்பட்ட அவர், வழியிற் காய்ச்சல் கண்டு ஏப்ரல் 11 அன்று டார்ஜிலிங்கில் காலமானார். எல்லையற்ற தேடல் முடிவுபெறாமல் நின்றது. அதன் பொருட்டு இடையில் ஏற்ற பணி நிலைபெற்றது.

முடிவுரை

யெஷ்கே முதலாகப் பலரும் பாராட்டிய உறுதி ஐயத்துக்கு இடமற்றது. ஆயின், ஒருவர்தம் உறுதி ஒன்பதடி அறையிலும் பயன் தந்தது. ஆசிரியர் விலகிய புக்தலில் அதே உறுதி போதவில்லை. இவ்வுண்மையை முதலிற் பதிவு செய்தவர் சோமாவே எனலாம். 1834-ஆம் ஆண்டு அகராதியின் முகப்புப் பக்கம், சான்ஸ்காரைச் சேர்ந்த கற்றறிந்த லாமா சங்யே புன்த்சோக்கின் துணையுடன் அந்நூல் ஆக்கப்பட்டது என்கிறது. அந்தப் பெயர் சோமாவின் பெயருக்கு முன்னதாகவே அச்சிடப்பட்டுள்ளது. அப்பணி நடந்த கானம் என்னும் இடமும் 1827–1830 என்னும் காலமும் உடன் தரப்பட்டுள்ளன. களஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் தம் மொழிக் கல்வியைத் திட்டமிடும்போது, கற்பிப்பவரின் பெயருக்கும் காலத்துக்கும் ஊதியத்துக்கும் முதலிலேயே இடம் வகுப்பது தக்கது.